அந்தக் கரண்டியை முதலில் மாற்று

பறக்கை,
கார்த்திகை 3.

அன்புள்ள மக்கா,

நலம், நலமறிய ஆவல். மற்ற விசாரிப்பெல்லாம் பிறகு. இந்தக் கடிதத்தை மேலே படிக்குமுன் எழுந்து அடுக்களைக்குப் போய், ஆடி மாதம் நான் தொலைபேசியில் மணிக்கணக்காகப் பிரசங்கம் செய்ததைக் கேட்டு நீ வாங்கி வைத்திருக்கும் அந்த இளஞ்சிவப்பு இந்துப்புப் பொட்டலத்தை எடுத்து, யார் கைக்கும் எட்டாத மேல்தட்டில் வைத்துவிட்டு வா. காரணத்தை வந்து படித்துக்கொள்ளலாம்.

தொலைபேசியிலேயே இதைச் சொல்லியிருக்கலாம் என்று நீ கேட்பாய். மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் நீ கோயம்புத்தூரின் குளிரைப் பற்றியும் பேரனின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றியும் பேசி வைத்துவிட்டாய். அது ஒரு பாதிக் காரணம். என் முட்டாள்தனத்தை நானே சொல்லி, நீ சிரிப்பதையும் காதால் கேட்கும் துணிவு எனக்கில்லை என்பது மீதிக் காரணம். கடிதமென்றால் நீ சிரிப்பது எனக்குக் கேட்காது.

நடந்தது இதுதான். வெதுவெதுப்பான நீரில் எலுமிச்சை பிழிந்து, இந்துப்பு கலந்து, வெறும் வயிற்றில் குடித்தால் உடம்பிலுள்ள நஞ்செல்லாம் வெளியேறும், எண்பத்து நான்கு வகைக் கனிமங்கள் உள்ளே சேரும் என்று யாரோ எனக்கு அனுப்பியதை அப்படியே நம்பி, உனக்கும் அனுப்பி, நானும் நாள் தவறாமல் குடித்தேன். முதல் இரண்டு வாரம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. நாற்பது வருடமாக என்னைப் படுத்திய காலைக்கடன் விவகாரம் கடிகாரம் வைத்தாற்போல் ஒழுங்குக்கு வந்தது. அந்த உற்சாகத்தில்தான் உன்னைக் கூப்பிட்டு அவ்வளவும் பேசினேன். அந்த நன்மைக்கு இவ்வளவு உப்பு தேவையே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஐப்பசியில் ஒருநாள் வாழைக்குத் தடம் எடுக்கக் குனிந்தவன் நிமிரும்போது தோட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது. மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதால் விழவில்லை. மாலையில் மருத்துவரிடம் போனேன். என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவள்தான். வகுப்பில் வாயே திறக்காத பெண், இப்போது நான் வாயே திறக்க முடியாதபடி கேள்வி கேட்கிறாள். இரத்த அழுத்தம் 172க்கு 104. போன வருடம் இதே கையில் 140க்கு 88 இருந்தது. உணவில் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, உடம்புக்கு நல்லதென்று காலையில் ஒரு பானம் மட்டும் குடிக்கிறேன் என்று சற்றுப் பெருமையாகவே சொன்னேன். எவ்வளவு உப்பு என்றாள். ஒரு கரண்டி என்றேன். எந்தக் கரண்டி, ஐயா?

மக்கா, அந்தக் கேள்வியில்தான் நான் பிடிபட்டேன். மறுநாள் நம் பலசரக்குக் கடை நண்பனிடம் (உன்னிடம் இன்னும் பதினெட்டு ரூபாய் பாக்கி என்கிறான்) என் கரண்டியையும் பொட்டலத்தையும் கொண்டுபோய்க் கொடுத்து, ஏலக்காய் நிறுக்கும் சிறிய மின்தராசில் வைக்கச் சொன்னேன். தட்டி மட்டமாக்கினால் ஏறக்குறைய ஆறு கிராம். நான் எடுக்கும் வழக்கப்படி குவித்து எடுத்தால் எட்டை நெருங்கியது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்குமே உப்பு ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீட்டுச் சமையலிலேயே குழம்பு, கருவாடு, அப்பளம், ஊறுகாய் என்று அந்த ஐந்து எப்போதோ தாண்டிவிடும். அதற்கு மேல் விடிவதற்குள்ளேயே எட்டு கிராமை விழுங்கிவிட்டு, உடம்பைச் சுத்தம் செய்துவிட்டதாக நான் திண்ணையில் நெஞ்சு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். எல்லாப் பழியையும் உப்பின் தலையில் போட முடியாது, வயதுக்கும் பங்குண்டு என்றுதான் அவள் சொன்னாள். ஆனாலும் உப்பை நிறுத்தி, மாத்திரையும் தொடங்கி மூன்று வாரத்தில் 138க்கு 86 என்று இறங்கியிருக்கிறது.

இந்துப்பென்றால் வேறு உப்பல்லவா என்று நானும் வாதாடிப் பார்த்தேன். சித்த மருத்துவத்தில் அதற்கு இடமுண்டு, சிந்து நாட்டிலிருந்து வந்ததால்தான் சைந்தவம் என்ற பெயரே வந்தது என்று ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன். இமயத்து உப்பு என்று பெயர் போட்டு விற்கிறார்களே தவிர, அதைப் பெரும்பாலும் வெட்டியெடுப்பது பாகிஸ்தானின் பஞ்சாபிலுள்ள கேவ்ரா சுரங்கத்தில். வெட்டியெடுப்பதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு தொண்ணூற்றெட்டுப் பங்கு நம் கல்லுப்பிலுள்ள அதே சோடியம் குளோரைடுதான். அந்த அழகான நிறம் இரும்புத் துருவின் சாயல். எண்பத்து நான்கு கனிமமும் மீதி இரண்டு மூன்று பங்குக்குள் இடித்துப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அந்த இரும்புக்காக அதைக் குடிப்பதைவிட ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை மேல். 2025 மே மாதம் பாகிஸ்தான் சரக்குக்கு நம் அரசு தடை போட்ட பிறகும் பொட்டலம் தாராளமாகக் கிடைக்கிறதே என்று கடையில் கேட்டேன். பழைய சரக்கு என்றான். ஐம்பது கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பழைய சரக்கு என்பது அவனுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

மனம் கேட்காமல் போன ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு நம் பக்கத்துப் புத்தளம் உப்பளத்துக்கே போய்விட்டேன். உன் செருப்பு இன்னும் அங்கேதான் சேற்றில் புதைந்து கிடக்கும் என்று நினைக்கிறேன், தேடவில்லை. மழை தொடங்கிவிட்டதால் பாத்திகளெல்லாம் நீர் நின்று கிடந்தன. வாரிய உப்பைக் குவித்து ஓலை மூடியிருந்தார்கள். குவியலோரம் நின்ற ஓர் அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவைத்து, உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் 25 பாகையை நெருங்கும்போது உப்புப் பூக்கத் தொடங்கும் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததை, அவர் மானியே இல்லாமல் நீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறார். உப்பு விழுந்த பிறகு மிஞ்சும் நீரை அதற்கு மேல் வற்றவிடாமல் வடித்துவிடுகிறார்கள். விட்டால் மக்னீசியமும் சேர்ந்து விழுந்து உப்புக் கைக்கும். கனிமம் கனிமம் என்று நாம் காசு கொடுத்துத் தேடுவதை, கைக்கிறதென்று அவர்கள் வடித்து ஊற்றுகிறார்கள்! நான் காலையில் உப்புநீர் குடித்த கதையைச் சொன்னதும் அவர், “காசு குடுத்து உப்பு வாங்கித் தண்ணியில கலக்கியா குடிச்சிய, அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். நாள் முழுக்க வெயிலில் நின்று வியர்வையாய் உப்பை இழக்கிறவர் அவர். அவர் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. விசிறிக்கடியில் உட்கார்ந்து நாளிதழ் படிக்கிற நமக்கு என்ன நியாயம்?

வீட்டிலும் எனக்கு மரியாதை கிடைக்கவில்லை. கார்த்திகைக்காக உன் தங்கச்சி குத்துவிளக்கைத் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடிகளைச் சேர்த்து வைத்திருந்து, அவற்றில் கல்லுப்பைத் தொட்டுத் தண்டில் தேய்க்கத் தேய்க்க, கறுத்துக் கிடந்த பித்தளை தேய்த்த இடமெல்லாம் பொன்போல் வெளுத்து வந்தது. தேய்ப்பதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்து, விளக்கின் களிம்பையே எடுக்கிற சரக்கைத்தானே நாலு மாதமாகப் பல்லில் ஊற்றினீர்கள் என்றாள். இத்தோடு நின்றதா? பானத்தை நான் கலந்தது அம்மாவின் செப்புச் செம்பில் என்பதும் அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. செம்பில் வெறும் தண்ணீர் வைத்தால் போகட்டும். புளிப்பை ஊற்றினால் செம்பு அதில் கரையும், குமட்டும். நடுவில் இரண்டு வாரம் எனக்குக் குமட்டியதற்கு நஞ்சு வெளியேறுகிறது என்று நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன், மக்கா. நஞ்சை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இனி உன் விஷயம். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலாவது, உன் கல்லடைப்பு. அந்த இரவு உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். உன் அலறல் இன்றும் காதில் இருக்கிறது. எலுமிச்சை உனக்கு நல்லது. அதிலுள்ள சிட்ரேட், சிறுநீரில் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு கல் சேரவிடாமல் தடுக்க உதவும். ஆனால் உப்பு அதிகமானால் சிறுநீரில் சுண்ணாம்பு கூடுதலாக இறங்கும். ஒரு கையால் கல்லைக் கரைத்து மறு கையால் கல் கட்டும் வேலையை உனக்கு நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். போதாததற்கு நீ அழுத்தத்துக்கும் மாத்திரை போடுகிறவன். உன் புத்தி எனக்குத் தெரியும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் ஒன்று விற்கிறார்கள், அதை வாங்கி மாற்றிக்கொள்ளலாம் என்று நீயாக முடிவெடுக்காதே. அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில வகை அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து. உன் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

இரண்டாவதை எழுதத்தான் கை தயங்குகிறது. என் பேச்சைக் கேட்டுச் சமையலுக்கும் இந்துப்பையே போட்டுவிட்டோம் என்று ஆவணியில் நீ சொன்னாய். அப்போது அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு மகிழ்ந்தேன். மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று நீ சொன்னது அதே பேச்சில்தான். மருத்துவர் அயோடின் என்ற சொல்லைச் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். அன்று இரவு தூங்கவில்லை. சாதாரண உப்பில் அயோடின் சேர்க்க வேண்டும் என்று அரசு சட்டம் போட்டிருப்பது வீண் கெடுபிடியில்லை. அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை வருவதோடு போகாது. கருவிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கே அது வேண்டும். இந்துப்பில் அது இயல்பாக மிகமிகச் சொற்பம். பொட்டலத்தைத் திருப்பி, அயோடின் சேர்த்தது என்று எழுதியிருக்கிறதா என்று பார். இல்லையென்றால் இன்றைய இரவுச் சமையலிலிருந்தே பழைய அயோடின் உப்புக்கு மாறிவிடுங்கள். நாலு மாதமும் இதையேதான் சாப்பிட்டோம் என்பதை மருமகளைப் பார்க்கும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல். அவளுக்குச் சத்து மாத்திரை கொடுத்திருப்பார்கள், அதில் அயோடின் இருக்கலாம், பயப்பட ஒன்றுமில்லாமலும் போகலாம். கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. யார் சொல்லி மாற்றினீர்கள் என்று கேட்டால் என் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம்.

பானத்தை நான் விட்டுவிடவில்லை. இப்போது செய்வதை எழுதுகிறேன், இதைப் படித்துவிட்டு இன்னொரு கரண்டியைக் கண்டுபிடிக்காதே. வடசேரி கனகமூலம் சந்தையில் புளியங்குடி எலுமிச்சையாகப் பார்த்து, தோல் மெல்லியதாய், கையில் கனப்பதாய் வாங்குகிறேன். காலையில் கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவு வெந்நீர் ஊற்றி, விரல் வைத்தால் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்ட பிறகுதான் பழத்தையே நறுக்குவேன். கொதிநீரில் பிழிந்தால் மணமும் போய்விடும், வைட்டமின் சியும் வீணாகும். பழத்தை முதலில் உள்ளங்கைக்கும் பலகைக்கும் நடுவே உருட்டி, பாதி மூடியை மட்டும், மென்மையாக ஒரே பிழி. சாறு போதவில்லை என்று தோலை முறுக்கினால் வெள்ளைச் சதையின் கைப்பு இறங்கிவிடும்; பிழிந்து நேரமானாலும் கைக்கும். ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிப்பேன். அரை மணி நேரம் பல் துலக்குவதில்லை; புளிப்பில் இளகிய பல்லின் மேற்பூச்சைப் பிரஷ் தேய்த்துவிடும்.

உப்பு? தோட்டத்தில் வெட்டி வியர்த்த நாளில் மட்டும் எனக்கு ஒரு சிட்டிகை அனுமதி. சிட்டிகை என்றால் காய்ந்த இரண்டு விரல் நுனியில் எடுப்பது. ஈர விரலென்றால் இரண்டு மடங்கு ஒட்டிக்கொண்டு வரும். அதையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டேன். மற்ற நாள்களில் உப்பே இல்லை. முதல் நான்கு நாள் சப்பென்று இருந்தது; பிறகு எலுமிச்சைக்கென்று ஒரு மணம் இருப்பது தெரியவந்தது. உனக்கோ உன் மருத்துவர் சொல்லும்வரை அந்தச் சிட்டிகையும் கிடையாது.

இங்கே மற்றதெல்லாம் வழக்கம்போல. மழை நன்றாக இருக்கிறது, குளம் நிறைந்துவிட்டது. மீசைக்காரர் மறுபடியும் வழக்குப் போட்டிருக்கிறார். இந்த முறை சொந்தத் தம்பி மேல்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் அழுத்தத்தை அளந்து அந்த இரண்டு எண்களையும், மருமகளின் மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதிப்போடு. பேரனின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்

பி.கு.: மேல்தட்டில் வைத்த பொட்டலத்தைக் குப்பையில் கொட்டிவிடாதே. விளக்கு துலக்க இந்துப்பும் நன்றாகத்தான் இருக்கிறது. நேற்று எங்கள் வீட்டில் முயன்று பார்த்தாயிற்று.