நமது போட்டோகிராபர்கள் சங்கம், தருமபுரி: செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். முகூர்த்தம் நெருக்கமாக இருந்த தை, வைகாசி தவிர மற்ற மாதங்களில் கூட்டம் தவறாமல் நடந்தது. அடையாள அட்டைகள் புதுப்பிக்கப்பட்டன. பிரெஞ்சு அரசு டாகுரோடைப் என்ற ஆரம்பகாலப் புகைப்பட முறையை 1839 ஆகஸ்ட் 19 அன்று உலகத்துக்கு அறிவித்த நாளை, உலகப் புகைப்பட தினமாக நாமும் கொண்டாடினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் நேரத்தில் பெரும்பகுதி ஒரே விஷயத்துக்குப் போனது: வெளிச்சம் கூடி வெளுத்துப் போகும் படங்கள். இதை நான்தான் கூட்டத்தில் எடுத்து வைத்தேன். காரணம் என் சொந்த ஆர்டர். காரிமங்கலம் பக்கம் ஒரு காலை முகூர்த்தம். மண்டபத்தின் கிழக்கு வாசல் திறந்திருந்தது, வெயில் நேராக மணவறை மேல். போதாததற்கு எல்இடி லைட். கார்டில் இடம் போதாது என்று, கேமராவே சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் மட்டும் வைத்து எடுத்தேன். ஆல்பம் கொடுக்கப் போன அன்று மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்து தாலி கட்டும் படத்தில் நிறுத்தினார். “ஏம்ப்பா, வேட்டியில கரையே காணோமே. நானே தேடித் தேடி எடுத்த வேட்டிப்பா இது” என்றார். வேட்டி இருந்த இடத்தில் மடிப்பும் இல்லை, சரிகைக் கரையும் இல்லை, வெறும் பேப்பர். டிசைனர் எவ்வளவோ முயன்றும் அந்தக் கரை திரும்பி வரவில்லை. அந்த அம்மா முகம் இன்னும் என் மனதில் இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னபோது கிட்டத்தட்ட எல்லோரிடமும் இப்படி ஒரு படம் இருப்பது தெரிந்தது. அப்புறம் மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னதுதான் பலருக்குக் கண் திறந்தது. நெகட்டிவ் காலத்தில் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம், “ஓவர் ஆனால் சமாளிக்கலாம், அண்டர் ஆகக்கூடாது” என்பது. நெகட்டிவில் அது சரிதான். கூடுதல் வெளிச்சம் பட்டாலும் ஃபிலிமில் விவரம் அடர்த்தியாகத் தங்கியிருக்கும், பிரிண்ட் போடும்போது இறக்கிக்கொள்ளலாம். முகத்தில் இருக்கும் சின்னக் குறைகளை நெகட்டிவ் மேலேயே பென்சிலால் டச்சிங் செய்தவர் அவர். டிஜிட்டலுக்கு மாறியபோது கேமராதான் மாறியது, கை பழைய கணக்கிலேயே நின்றுவிட்டது என்றார். இங்கே கணக்குத் தலைகீழ். இருட்டை ஓரளவு தூக்கிவிடலாம், போன வெள்ளை போனதுதான்.

வகுப்பில் இதை விளக்க நம் ஊர் ஏரியையே எடுத்துக்கொண்டோம். ஏரி நிரம்பிக் கோடி போன பிறகு, எவ்வளவு மழை பெய்தது என்று ஏரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் அப்படி ஒரு ஏரி. நிரம்பிய பின் வரும் வெளிச்சத்துக்குக் கணக்கு இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஏரி. ஒன்று மட்டும் கோடி போயிருந்தால் மற்ற இரண்டையும் வைத்து சாஃப்ட்வேர் ஓரளவு ஊகித்துவிடும். மூன்றும் போனால் ஊகிக்க ஒன்றும் இல்லை. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிதான், சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் ரா ஃபைலில், 14 பிட் என்றால் 16,384 படி. ஜேபெக்கில் வெளுத்தது போலத் தெரிகிற இடத்தில் ரா ஃபைலில் இன்னும் கொஞ்சம் விவரம் மிச்சம் இருப்பது பல முறை நம் கண்ணெதிரே நடந்தது. என் வேட்டிக் கரையும் ரா ஃபைல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்றே நம்புகிறேன்.

பயிற்சிக்காக ஒரு ஞாயிறு பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போனோம். வெள்ளை நீரும் கறுத்த பாறையும் ஒரே பிரேமில் கிடைக்கும் இடம் இதைவிட நமக்குப் பக்கத்தில் வேறு இல்லை. கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை, ‘கல்’ என்றால் பாறை. அந்தப் புகை, விழும் நீரிலிருந்து எழும் சாரல். தொங்கு பாலத்திலிருந்து கேமராவை ஆட்டோ மோடில் வைத்து எடுத்த படங்களில் அந்தப் புகையே இல்லை. பிரேம் நிறையப் பாறை இருந்ததால் கேமரா அதை வெளிச்சமாக்கப் பார்த்து நீரை வெளுக்க வைத்துவிட்டது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப் இறக்கியதும், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கியதும், நீரில் இழை இழையாக விழுது தெரிந்தது, அதற்கு மேல் சாரல் தனியாகத் தெரிந்தது. பாறையைப் பிறகு கம்ப்யூட்டரில் தூக்கிக்கொண்டோம். வெளிச்ச அளவை மாற்றி மூன்று படம் எடுத்து இணைப்பது இங்கே சரிப்படவில்லை, ஓடும் நீரும் பரிசலும் இரட்டை இரட்டையாக விழுந்தன. ஒரே ரா ஃபைலை அளவாக எடுப்பதே நல்லது என்ற முடிவுக்கு வந்தோம்.

வெளுத்த இடம் கேமரா திரையில் கண் சிமிட்டும் ஹைலைட் எச்சரிக்கையை எல்லோரும் அன்றே ஆன் செய்தார்கள். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: கேமராவில் தெரியும் ஹிஸ்டோகிராம், அதாவது படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம், ஜேபெக் முன்னோட்டத்தை வைத்து வரைவது. ரா எடுக்கும்போது அது கொஞ்சம் முன்கூட்டியே பயமுறுத்தும். அதே நேரம், அரக்குப் பட்டு எடுக்கும்போது வெறும் வெள்ளை ஹிஸ்டோகிராமை நம்பாதீர்கள். எல்இடி வெளிச்சத்தில் சிவப்பு மட்டும் தனியாக முட்டிக்கொண்டு, புடவை மடிப்பு இல்லாமல் திட்டாகிவிடும். மூன்று நிற ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

எடிட்டிங் வகுப்பு இரண்டு நடந்தன. லைட்ரூம், கேமரா ரா என்ற எடிட்டிங் சாஃப்ட்வேர்களில் ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு ஒயிட்ஸ் ஸ்லைடரைத் தொட்டால் திரை கறுப்பாகி, போன இடம் மட்டும் தெரியும். சிவப்பாகத் தெரிந்தால் சிவப்பு மட்டும் போயிருக்கிறது, வெள்ளையாகத் தெரிந்தால் மூன்றும் போயிருக்கிறது. ஹைலைட்ஸை இறக்கி ஒயிட்ஸைச் சற்று ஏற்ற வேண்டும். ஹைலைட்ஸை மட்டும் கீழே இழுத்துவிட்டால் வேட்டி துவைக்காத வேட்டி மாதிரி சாம்பலடிக்கும், இந்தத் தவறு நம் ஆல்பங்களில் நிறையவே இருக்கிறது. படம் முழுக்க இழுக்காமல், வேட்டிக்கு மட்டும் மாஸ்க் போட்டு இறக்குங்கள். காசு கொடுத்து வாங்க முடியாத தம்பிகளுக்கு டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம், ஹைலைட் மீட்பு இரண்டிலும் உண்டு.

ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல், ஆல்ட், 2 மூன்றையும் அழுத்தினால் வெளிச்சப் பகுதி மட்டும் தேர்வாகும். அதைப் புது லேயராக்கி, படத்தை இருட்டாக்கும் மல்டிப்ளை வைத்து ஒபாசிட்டியைக் குறைத்துப் பாருங்கள். கொஞ்சமாவது விவரம் மிச்சம் இருந்தால் மேலே வரும். சுத்தமாக 255, அதாவது ஜேபெக்கின் உச்ச வெள்ளை, ஆகிவிட்ட இடத்தில் மல்டிப்ளையும் உதவாது, வெள்ளையை வெள்ளையால் பெருக்கினால் வெள்ளைதான்.

அப்படி ஒரு படம் நம் சங்கத்துக்கே வந்தது. பாலக்கோடு பக்கமிருந்து ஒரு பெண், அப்பாவின் பதினாறாம் நாள் படத்திறப்புக்காக ஒரு செல்போன் படத்தைக் கொண்டுவந்தார். உச்சி வெயிலில் தோட்டத்தில் நின்று எடுத்தது. வெள்ளைச் சட்டை போயிருந்தது, நெற்றியின் வலது பாதியும் போயிருந்தது. சட்டையைப் பற்றிக் கவலை இல்லை, நிழல் விழுந்த தோள்பக்கத்திலிருந்து மடிப்பை எடுத்து நிரப்பிவிட்டோம். நெற்றிக்கு என்ன செய்வது? இளைய உறுப்பினர் ஒருவர் திருநீற்றுப் பட்டை மூன்று வரைந்து மறைத்துவிடலாம் என்றார். அந்தப் பெண் சட்டென்று, “அப்பா பட்டை போட மாட்டாருங்க. ஒரு விரல்ல தொட்டு ஒரே தீற்றல், அதுவும் கொஞ்சம் கோணலா இருக்கும்” என்றார். அத்தோடு வரைவதை விட்டோம். அன்றைக்கே எடுத்த வேறு படம் சொந்தக்காரர்கள் யார் போனிலாவது இருக்கிறதா என்று கேட்கச் சொன்னோம். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள் என்றோம். மறுநாள் ஒன்று வந்தது, அதே சட்டை, திண்ணை நிழலில் உட்கார்ந்திருக்கிறார். அந்த நெற்றியை எடுத்து, கோணம் திருப்பி, நிறமும் புள்ளியும் பொருத்தி வைத்தோம். கோணல் தீற்றல் அப்படியே வந்தது. அந்தப் பெண் திரையில் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

அதன் பிறகு செயற்குழு ஒரு முடிவு எடுத்தது: சட்டை, சுவர், வானம் போன்றவற்றை நிரப்பலாம். முகத்தில் போன இடத்தைக் கற்பனையாக வரைவதில்லை. வேறு படம் கிடைக்காவிட்டால் பார்ட்டியிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது. இதை எல்லா உறுப்பினர்களும் கடைப்பிடிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

பிரிண்ட் விஷயத்தில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. 255-இல் விட்ட இடத்தில் பேப்பரின் சொந்த வெள்ளைதான் தெரியும், ஆல்பத்தைச் சாய்த்துப் பார்த்தால் ஓட்டை மாதிரி இருக்கும். லெவல்ஸில் அவுட்புட்டை 248-க்கு இறக்கி அனுப்பியவர்களுக்கு அது ஓரளவு மறைந்தது. விவரம் திரும்பாது, ஆனால் கண்ணை உறுத்தாது. ஒரே ஃபைலை வெவ்வேறு லேபில் போட்டு ஒப்பிடும் வேலையை வரும் ஆண்டு செய்ய வேண்டும்.

அடுத்த வகுப்பு ஆடி மாதம் முதல் ஞாயிறு. கார்டு ரீடரோடு வாருங்கள். நீங்கள் வெளுக்கவிட்ட படம் ஒன்றை, ரா இருந்தால் ராவோடு, கூச்சப்படாமல் எடுத்து வாருங்கள். முதல் படமாக என் காரிமங்கலத்து வேட்டியையே திரையில் போடுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்