சானல் கரையில் அந்த 40 அடியை விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருவட்டாறு பக்கம் 26 வருடமாகத் தேனீப் பெட்டி வைத்துப் பிழைக்கிறவன் நான். தேனீயைத் தின்கிற குருவிக்காகத் தேனீக்காரனே கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்கத் தோன்றலாம். என் மச்சானும் சிரித்தார். "ஒமக்கு வேற சோலி இல்லியா?" என்றார்.

அணையை அடைத்துச் சானலில், அதாவது பாசனக் கால்வாயில், தண்ணீர் வற்றியதும் தூர்வார ஜேசிபி வரும். வரட்டும், வேண்டிய வேலைதான். ஆனால் சென்ற ஆண்டு எங்கள் ஊர்க் கிளைச் சானலில் அடிமண்ணை அள்ளியதோடு நிற்காமல், மேற்குக் கரையின் செம்மண் சுவரையும் மேலிருந்து கீழாக வழித்துவிட்டார்கள். பஞ்சுருட்டான் குருவிகள் பொந்து போட்டிருந்த சுவர் அது. "எலிப் பொந்துன்னு நினைச்சேன் அண்ணே" என்றான் வண்டி ஓட்டிய பையன். அவனைக் குறை சொல்ல முடியாது, பார்க்க அப்படித்தான் இருக்கும். சரிந்த மண்ணில் உருண்டையாக, வெள்ளை வெளேரென்று இரண்டு முட்டைகள் உடையாமல் கிடந்தன. மேலே கரண்ட் கம்பியில் ஏழெட்டுக் குருவிகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன.

இந்தக் குருவியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பச்சை நிறம், வளைந்த மெல்லிய அலகு, வாலின் நடுவில் ஊசி போல நீட்டிக்கொண்டிருக்கும் இறகு. தேனீயைப் பிடித்ததும் அப்படியே விழுங்காது. கம்பிக்குத் திரும்பி, முதலில் தலையை இரண்டு மூன்று தடவை அடிக்கும். பிறகு உடம்பை மாற்றிப் பிடித்து, வால் பக்கத்தைக் கம்பியில் தேய்க்கும், நாம் அம்மியில் மஞ்சள் உரைப்பது போல. விஷம் வெளியே வந்தபின்தான் தூக்கிப் போட்டு விழுங்கும். கொடுக்கு இல்லாத தும்பியைப் பிடித்தால் இவ்வளவு தேய்ப்பு கிடையாது. ஆள் பார்த்து வேலை!

செரிக்காததை உருண்டையாகக் கக்கிவிடும். அந்தக் கம்பிக்குக் கீழே கிடந்த உருண்டைகளைப் பொறுக்கி, ஒரு பூவரசு இலையில் வைத்து ஈர்க்குச்சியால் பிரித்துப் பார்த்தேன். தேனீத் துண்டுகள் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. கூடவே வண்டின் ஓடு, தும்பிச் சிறகு, எறும்புத் தலை, குளவியின் மஞ்சள் பட்டை எல்லாம் இருந்தன.

நஷ்டமே இல்லையா என்றால், உண்டு. புது ராணி இணை சேர வெளியே பறக்கும் நாளில் அதைக் கொத்திவிட்டால் அந்தப் பெட்டி கெட்டது. எனக்கு அப்படி ஒரு பெட்டி போயிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். மற்றபடி வேலைக்காரத் தேனீயின் ஆயுளே சில வாரங்கள்தான். ராணி தினமும் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு ஈடுகட்டிவிடும். 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைச் சாகடிக்கும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் வந்தபோது மார்த்தாண்டம் வட்டாரத்தில் பெட்டி பெட்டியாகக் காலியானதைப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். குருவி தின்று அப்படி ஒரு கதையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எங்களுக்கு நிஜமான எதிரி கடந்தல் என்கிற பெரிய குளவி. பெட்டி வாசலில் அந்தரத்தில் நின்று, திரும்பி வரும் தேனீயைப் பறித்து, தலையையும் சிறகையும் நறுக்கிப் போட்டுவிட்டு நெஞ்சுப் பகுதியை மட்டும் தூக்கிப் போகும். பழைய பாட்மின்டன் மட்டையோடு வாசலில் காவல் இருப்பேன். பச்சைக் குருவிக்குக் கடந்தல் கொஞ்சம் பெரிய உருப்படி. அது பிடித்து நான் பார்த்ததில்லை. கடந்தல் கூட்டுக்கு என்றே வருவது தேன்பருந்து. முகத்தில் செதில் செதிலாக இறகு நெருங்கியிருப்பதால் அதைக் கொட்டுவது லேசில்லை. இரண்டு வருடம் முன்பு, ரப்பர் விளை ஓரத்து அயனி மரத்தில் ஒரு கூட்டைக் காலால் பிய்த்து, அறை அறையாகப் புழுவைத் தின்றது. அரை மணி நேரம் நின்று பார்த்தேன். வீட்டுப் பக்கமோ பள்ளிக்கூடப் பக்கமோ கடந்தல் கூடு கட்டினால் தீயணைப்பு வீரர்களைத்தான் கூப்பிட வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆளே போகாத விளையில் இருக்கும் கூட்டுக்கும் தீப்பந்தம் எதற்கு? கடந்தலும் தன் குஞ்சுகளுக்கு ஊட்டப் புழு பூச்சிகளைப் பிடிக்கிறதே.

இரட்டைவால் குருவி, பனை ஓலையின் அடியில் எச்சிலால் கூடு ஒட்டும் உழவாரன், பொழுது சாய்ந்தபின் வௌவால் என்று பறக்கும் பூச்சியைப் பிடிக்கிறவை இங்கே நிறைய. மரமோ பனையோ அவற்றுக்குப் போதும். பஞ்சுருட்டானுக்கு அது போதாது. அலகால் குடைய வெறும் மண்சுவர் வேண்டும். பிப்ரவரியிலிருந்து மே, ஜூன் வரை அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம். நாம் சானலைத் தூர்வாருவதும் அப்போதுதான்.

தூர்வாரும் தேதியை மாற்றச் சொல்லவில்லை, ஜூனில் தண்ணீர் திறப்பதற்குள் முடித்தாக வேண்டும் என்பது தெரியும். அடிமண்ணை அள்ளட்டும். பொந்து உள்ள சுவரை மட்டும் வழிக்காமல், இரு முனையிலும் ஒரு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டால் வண்டிக்காரருக்குப் புரிந்துவிடும். கம்பும் துணியும் நானே தருகிறேன். எங்கள் ஊரில் அது கலுங்குக்குத் தெற்கே 40 அடி நீளம்தான். நேற்று எண்ணினேன், இந்த ஆண்டு 11 பொந்துகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
தேனீ வளர்ப்பவர் ஒருவர்,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்