வளவு அறையைத் திறந்த நாளில்

அன்புடையீர், வணக்கம்.

இந்த மடலைப் பிள்ளை பிறந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று வீட்டில் சிலர் சொன்னார்கள். கண் பட்டுவிடுமோ என்ற அவர்களுடைய அச்சம் அன்பினால் வந்தது என்பதை நான் அறிவேன். ஆயினும் நான் நன்றி சொல்ல விரும்புவது மாசி மாதத்தில் பிறக்கவிருக்கும் பிள்ளைக்காக மட்டுமன்று. பிள்ளை உண்டாகும் என்று எவராலும் உறுதி கூற முடியாதிருந்த ஒன்பது ஆண்டுகளில், பலன் தெரியாமலேயே எங்களுக்காகக் கை கொடுத்தவர்களுக்காக. அந்தக் கடன் பேறுகாலத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கத் தக்கதன்று என்று எனக்குத் தோன்றியதால், மார்கழிப் பனியில், கோட்டையூரில் உள்ள எங்கள் வீட்டின் வளவில், முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், அமர்ந்து இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு 2016 ஆவணியில் திருமணம் நடந்தது. முதல் இரண்டு ஆண்டுகள் கோயில்களிலும் விரதங்களிலும் கழிந்தன. அதன்பின் வெளியூரில் ஒரு சிகிச்சை மையத்துக்குச் சென்றோம். அங்கே ஆறு முறை கணவரின் விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தினார்கள். ஆறு முறையும் பலனில்லை. கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே சோதனையை அந்த ஆறு முறையில் ஒரு முறைகூட அவர்கள் செய்யவில்லை என்பதும், அதைச் செய்யாமல் மற்றதைச் செய்வது பூட்டிய கதவுக்கு வெளியே விருந்தாளியைக் கொண்டுவந்து நிறுத்துவது போன்றது என்பதும் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தன. என் ஆத்தா கொடுத்த கழுத்துச் சங்கிலி அந்தக் காலத்தில்தான் அடகுக்குப் போனது. இதை மனக்குறைக்காகச் சொல்லவில்லை, இப்போது அலைந்துகொண்டிருக்கும் ஒரு தம்பதியாவது, "குழாய்ச் சோதனை செய்துவிட்டீர்களா?" என்று முதல் நாளே மருத்துவரிடம் கேட்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மதுரையில் எங்களைப் பார்த்த மருத்துவருக்கு என் முதல் வணக்கம். அம்மா, தாங்கள் முதல் நாள் என்னைப் பரிசோதிப்பதற்கு முன்பே என் கணவரைப் பார்த்து, "உங்களுக்கும் சோதனை உண்டு, இருவருக்கும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்" என்றீர்கள். அந்த ஒரு வாக்கியம் ஐந்து ஆண்டுகளாக என் தோள்மேல் மட்டும் இருந்த சுமையைப் பாதியாக்கியது. அவருக்குக் குறை எதுவும் இல்லை. என் இரண்டு கருக்குழாய்களும் அடைபட்டிருந்தன. கருப்பையின் உட்சுவரிலிருந்து எடுத்த சிறு சதைத் துணுக்கைச் சோதனைக்கு அனுப்பியபோது, காரணம் காசநோய் என்று தெரிந்தது. எனக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, உடல் மெலியவும் இல்லை. காசநோய்க் கிருமி என்றோ ஒரு நாள் நுரையீரலுக்குள் புகுந்து, இரத்தத்தின் வழியே கருக்குழாயை அடைந்து, எந்த அறிகுறியும் காட்டாமல் அதை அரித்துவிடக்கூடும் என்பதையும், நம் நாட்டில் குழாய் அடைப்புக்கு அது ஒரு முக்கியமான காரணம் என்பதையும் தாங்கள் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினீர்கள். அந்தத் தாளை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவை இலவசமாகவே கிடைத்தன. அங்கே பணிபுரியும் காசநோய்ப் பிரிவுத் தம்பிக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் காசநோய் என்ற சொல் எப்படிப் பேசப்படும் என்பதை அறிந்து, மாத்திரைகளை ஒரு சாதாரணத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்து, "அக்கா, கடை ரசீது கொடுக்க வந்தேன்" என்று முகப்பில் நின்று குரல் கொடுப்பீர்கள். முதல் வாரம் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதைக் கண்டு நான் பயந்து தொலைபேசியில் அழைத்தபோது, அது மருந்தின் நிறம்தான், அஞ்ச வேண்டாம் என்று பொறுமையாகச் சொன்னவரும் நீங்கள்தான்.

நோய் தீர்ந்தது, ஆனால் சிதைந்த குழாய் திரும்பவில்லை. ஆகவே சோதனைக் குழாய் முறை ஒன்றே வழி என்றானது. அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் ஆச்சிக்கு இந்த இடத்தில் நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சினைமுட்டை வளர்வதற்கான ஊசியை நாள்தோறும் ஒரே நேரத்தில் போட வேண்டும். அதற்காகத் தினமும் மதுரைக்குப் போய்வர முடியாது. ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் மருந்தை வாங்கிவந்து குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, மாலை ஏழு மணிக்குத் தாங்கள் வருவதற்காகக் காத்திருப்பேன். தாங்கள் ஒரு நாளும் தாமதித்ததில்லை. மழை பெய்த நாளில் முட்டளவு நீரில் நடந்து வந்தீர்கள். கரு வைத்த பிறகு போடும் எண்ணெய் ஊசி கட்டியாகி, உட்கார முடியாமல் வலிக்கும் என்பதால், அந்தச் சிறிய மருந்துக் குப்பியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, எண்ணெய் இளகும்வரை மெதுவாக உருட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுவீர்கள். குப்பி சூடேறும் அந்த ஐந்து நிமிடங்களில் எனக்குள் இருந்த நடுக்கமும் அடங்கிவிடும். மூன்று முறை நடந்த சிகிச்சையில், "ரிசல்ட் எப்போது?" என்று தாங்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததற்காகவும் நன்றி, ஆச்சி.

அந்த மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் கருக்களை வளர்த்துப் பாதுகாக்கும் கருவியலாளரை நான் இதுவரை நேரில் கண்டதில்லை. குரலை மட்டும் அறிவேன். பதினொரு முட்டை எடுத்தார்கள், ஏழு கருவுற்றன, ஐந்தாம் நாளை எட்டியவை மூன்று. ஒவ்வொரு நாளும் காலை பதினொரு மணிக்கு அவர் அழைத்து, இன்று இத்தனை என்று நிதானமாகச் சொல்வார். எண்ணிக்கை குறைந்த நாளில் ஓரிரு விநாடி கூடுதலாகத் தொலைபேசியைக் கையில் வைத்திருப்பார். அந்தக் கருக்களைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி குளிரில், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்தவர் அவர். முதலாவது 2023-இல் தங்கவில்லை. இரண்டாவது 2024-இல் எட்டாம் வாரத்தில் கலைந்தது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத என்னால் இயலாது. இப்போது என் வயிற்றில் உதைத்துக்கொண்டிருப்பது மூன்றாவது.

உறையவைத்த கருவைப் பற்றி எழுதும்போது, நேரில் நன்றி சொல்ல வழியில்லாத ஒருவரையும் நினைக்க வேண்டும். கல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய், உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்த 70 நாள்களில், 1978 அக்டோபர் 3 அன்று, இந்தியாவில் ஒரு பெண் குழந்தை பிறக்க வழி செய்தார். கருவை உறையவைத்துப் பின்னர் கருப்பையில் வைத்த முறை அவருடையது. எனக்குச் செய்ததும் அதே வழிதான். அன்று அவரை எவரும் நம்பவில்லை. விசாரணையும் அவமதிப்பும் சூழ, 1981-இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பம்பாயில் 1986-இல் பிறந்த குழந்தையின் வழியாக முதல் சாதனையாளர் என்ற பெருமையைப் பெற்றிருந்த அறிவியலாளர் டி.சி. ஆனந்தகுமார், பிற்காலத்தில் முகோபாத்யாயின் குறிப்பேடுகளைப் படித்துவிட்டு, அந்தப் பெருமை அவருக்கே உரியது என்று தாமே முன்வந்து எழுதினார். சிகிச்சைக்கு நடுவே, மேலூரைத் தாண்டிய பேருந்தில் இதைப் படித்துவிட்டுக் கண் கலங்கினேன்.

வீட்டாருக்கு நன்றி சொல்வது நம் பக்கத்தில் வழக்கமில்லை. ஆனாலும் சொல்கிறேன். உறவு வீட்டுத் திருமணம் ஒன்றில் தாம்பாளம் எடுக்க நான் கை நீட்டியபோது, ஒரு பெரியவர் என் கையைத் தட்டாத குறையாக விலக்கி, "பிள்ளை பெத்தவங்க எடுக்கட்டும்" என்றார். என் மாமியார் தம் கையில் இருந்த தாம்பாளத்தையும் கீழே வைத்துவிட்டு, "என் மருமக எடுக்காத தட்டு எனக்கும் வேண்டாம்" என்று சொல்லி என்னை அழைத்துக்கொண்டு பந்திக்கு நடந்தார். வழியில் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இலையில் எனக்கு மட்டும் இன்னொரு கந்தரப்பம் வைக்கச் சொன்னார். என் கணவருக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று பேச்சு எழுந்தபோது, அவரே பட்டாலைக் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று, அது இனி இந்த வீட்டில் பேசப்படாத பேச்சு என்று முடித்துவிட்டார்.

இரண்டாவது கரு கலைந்த வாரம், கணவருடைய அப்பத்தா என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் அமர்ந்தார்கள். "ஆத்தா, உங்க ஐயாவே இந்த வீட்டுக்குக் கூட்டி வந்த பிள்ளைதான். அவர் நிக்க வச்ச வீடுதான் இது. நீ பெத்தாலும் பிள்ளைதான், கூட்டிக்கிட்டாலும் பிள்ளைதான். உனக்கு முடியலைன்னா ஊசியை நிறுத்திரு" என்றார்கள். பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, நகரத்தார் வீடுகளில் காலங்காலமாக உள்ள வழக்கம். கணவருடைய தாத்தாவான எங்கள் ஐயாவும் அப்படி வந்தவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். நிறுத்திவிடலாம் என்ற உரிமை கிடைத்த பிறகுதான், மூன்றாவது முறைக்குப் போகும் துணிவு எனக்கு வந்தது.

இனி அறையைப் பற்றி. வளவை ஒட்டி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அறைகள் கொண்ட எங்கள் இரட்டை வீட்டில் உள்ளறை பல ஆண்டுகளாகப் பித்தளைப் பாத்திரங்களும் பழைய கணக்குப் பெட்டிகளும் அடைந்து கிடந்தது. ஏழாம் மாதம் தொடங்கியதும் அதைத் திறந்தோம். புதுப் பெயின்ட் வாசனை வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதால், கொத்தனார் அண்ணன் சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, மூன்று கை வெள்ளையடித்துக் கொடுத்தார். தரையில் இரண்டு ஆத்தங்குடிக் கற்கள் உடைந்திருந்தன. ஆத்தங்குடியில் ஒரு பட்டறையில் அந்த உடைந்த துண்டைக் காட்டினோம். அங்கிருந்த பெரியவர் கண்ணாடித் தகட்டின்மேல் பித்தளை அச்சை வைத்து, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கலவையைக் கரண்டியால் அந்தந்தக் கட்டத்தில் ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமெண்ட்டும் இட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டார். எந்த அறைக்கு என்று கேட்டார், சொன்னோம். எடுக்கப் போன அன்று மூன்று கற்கள் இருந்தன. "ஒண்ணு கூடுதலா இருக்கட்டும். பிள்ளை ஏதாச்சும் போட்டு உடைக்கும்ல" என்றார். ஐயா, அந்த மூன்றாவது கல் பரண்மேல் இருக்கிறது.

தச்சர் அண்ணனுக்கும் நன்றி. பர்மாத் தேக்கில் செய்த எங்கள் வீட்டுத் தொட்டிலைப் பிரித்து, பிள்ளையின் தலை நுழையாத அளவுக்குக் கம்பிகளின் இடைவெளியைக் குறைத்துப் புதிய கம்பிகள் சேர்த்தீர்கள். உத்தரத்து வளையம் தாங்குமா என்று பார்க்க ஓர் இரவு முழுதும் 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு, காலையில் வந்து கையால் தடவிப் பார்த்த பிறகே சரி என்றீர்கள். பிள்ளை பிறக்கும்முன் தொட்டில் கட்டுவதும் வெறுந்தொட்டிலை ஆட்டுவதும் ஆகாது என்பதால் அது இப்போது வெள்ளைத் துணி போர்த்திச் சுவரோரம் இருக்கிறது. என் ஆயாவின் கண்டாங்கிச் சேலைகள் இரண்டு, துவைத்துத் துவைத்து மல்லிகைபோல் மென்மையானவை, ஏணைக்கென்று மடித்து ஓர் ஓலைக் கொட்டானில் வைத்திருக்கிறேன். சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, மாதந்தோறும் எடையும் இரத்த அழுத்தமும் பார்த்துப்போகும் கிராம சுகாதார செவிலியர் அம்மா, அந்தக் கொட்டானைப் பார்த்துவிட்டு, "புதுத் துணி வாங்காதீங்க, இதுதான் நல்லது" என்றது எனக்குப் பெருமையாக இருந்தது.

சென்ற வாரம் பிள்ளையார் நோன்பு. கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தொரு நாள், நாளுக்கு ஒன்றாக எடுத்துவைத்த நூலிழைகளைத் திரித்து, மாவில் பதித்து, அப்பத்தா சுடரேற்றிக் கொடுக்க, ஒவ்வொருவரும் வாங்கி வாயில் இட்டுக்கொண்டோம். ஒன்பது ஆண்டுகளாக நான் ஓர் இழைதான் எடுத்துவந்தேன். வயிற்றில் பிள்ளை இருந்தால் அதற்கும் சேர்த்து எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். இந்த முறை அப்பத்தா எனக்கு ஓர் இழை கொடுத்து, நான் விழுங்கும்வரை பொறுத்திருந்து, பிறகு இரண்டாவதை ஏற்றி நீட்டினார்கள். அவர்கள் கை நடுங்கியது, சுடர் அணையவில்லை.

மாசியில் செய்தி அனுப்புவோம். செவிலியர் ஆச்சி, சுகாதார நிலையத்துத் தம்பி, ஆத்தங்குடி ஐயா, கொத்தனார் அண்ணன், தச்சர் அண்ணன், மதுரையிலிருந்து வர இயன்றால் மருத்துவர் அம்மாவும் நான் இன்னும் முகம் காணாத அந்தக் கருவியலாளரும், தொட்டில் கட்டும் அன்று எங்கள் வளவில் வந்து அமர்ந்து சாப்பிட வேண்டும் என்று என் மாமியார் இப்போதே அழைக்கச் சொன்னார்கள்.

என்றும் நன்றி மறவாத,
கோட்டையூர் வீட்டு மருமகள்