அப்பாவின் வரைபடங்களைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் தனித்தனியாகப் போன் போட்டுச் சொல்லத்தான் நினைத்தேன். பேச ஆரம்பித்தாலே தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால் எழுதுகிறேன். மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து வரைபடங்கள் நனைந்து, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வாரம் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள், அதை மறுபடி விவரிக்கிற தெம்பு எனக்கு இல்லை. அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் நடக்கிறார். அவருடைய வரைபடங்களும் வீட்டுக்கு வந்துவிட்டன. இந்த ரெண்டும் நடக்கும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

“மேப்தானே, இன்டர்நெட்டில் கிடைக்குமே” என்று ஆறுதலுக்குச் சொன்னவர்கள் உண்டு. கிடைக்கும்தான். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடங்களை இப்போது இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். 1950களில் அமெரிக்க ராணுவம் அச்சிட்ட 1:2,50,000 தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் ஸ்கேன் செய்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் அப்பா சேர்த்து வைத்திருந்தவை ஒரு மைலை ஒரு அங்குலமாக வரைந்த பழைய தாள்கள், அதிலும் சில மேட்டூர் அணை வருவதற்கு முன்னால் அளந்தவை. அதையும்கூட எங்காவது அலைந்து தேடிப் பிடித்துவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாள்களின் மேல் அப்பா வருடக்கணக்காகப் பென்சிலால் எழுதி வைத்ததை எங்கே போய்த் தேடுவது?

அப்பா சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது தெரியும். ஆபீஸில் அவர் பார்த்ததெல்லாம் ஒவ்வொரு நிலத்தையும் அளந்து வரைந்த புலப்படமும், ஊர் நிலக் கணக்கான அ பதிவேடும். அதில் பெயர் இருக்கும், சர்வே எண் இருக்கும், யாருக்கு எத்தனை சென்ட் என்று இருக்கும். ஆனால் அந்த மனிதர் எந்த வழியாக நடந்து சந்தைக்குப் போனார், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார், வாசலில் நின்றால் எந்தக் கரடு தெரியும் என்பது அதில் இருக்காது. அதற்குத்தான் இந்தத் தாள். நடைபாதை புள்ளிக் கோடாக இருக்கும், கட்டிய கிணறும் கட்டாத கிணறும் வேறு வேறு குறியாக இருக்கும், ஆள் போய்விட்ட ஊருக்குத் தனிக் குறி, ஏரிக்கரை எத்தனை அடி உயரம் என்பது வரைக்கும் பக்கத்தில் சின்ன எண்ணாகப் போட்டிருக்கும். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒரு குடும்பம் எங்கே எப்படி வாழ்ந்தது என்று பிடிபடும் என்பார். எத்தனையோ பேர் தாத்தா ஊர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் படி ஏறியிருக்கிறீர்கள். யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், குலதெய்வம் எந்தப் பக்கம் என்று சொன்னார்கள், எல்லாமே அந்தந்தத் தாளில் அந்தந்த இடத்திலேயே பொடி எழுத்தில் இருக்கிறது.

சரி, இனிமேல் சொல்லப்போவது எங்கள் பின்தெருத் தறிக்கார அண்ணனைப் பற்றி. பெயர் போடவே கூடாது என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. சேலம் குகைப் பகுதியில் இருப்பவர்களுக்கு யார் என்று தெரிந்துவிடும்.

இத்தனை வருடத்தில் அவரோடு எங்களுக்குப் பெரிய பழக்கம் கிடையாது. அப்பாவைப் பார்த்தால் “சர்வேயர் ஐயா, சௌக்கியங்களா” என்பார், அவ்வளவுதான். அன்றைக்கு அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நான் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க ஊறிப் போயிருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வேறு எதற்கோ அந்த வழியாகப் போனவர். உள்ளே வந்து பார்த்தார். மேலே இருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்தார், அப்பா பேனா மையில் எழுதியது, பக்கம் பக்கமாக நீலமாகக் கரைந்து ஓடியிருந்தது. நான் அதைப் பார்த்துத்தான் அழுதேன். அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு வரைபடக் கட்டின் மூலையை மட்டும் லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது பென்சில் கண்ணு. பென்சில் தண்ணியில எங்கயும் போகாது. நாங்க பூப்போடற கிராப் தாள் எல்லாம் பென்சில்லதான் போடுவோம், எத்தனை மழையில நனைஞ்சிருக்கு தெரியுமா. நீ இழுக்காம இருந்தா போதும்.”

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் முக்கியமாக இந்த மடலை எழுதுகிறேன். அந்த வாரம் எத்தனையோ பேர் எத்தனையோ தைரியம் சொன்னார்கள், ஒன்றும் காதில் ஏறவில்லை. இது ஏறியது. ஏனென்றால் இது சமாதானத்துக்குச் சொன்னது இல்லை, தொழில் தெரிந்தவர் பார்த்துச் சொன்னது.

அப்புறம் அவர் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது எப்போதாவது உதவும். கட்டைப் பிரிக்காமல் அப்படியே ஒரு பலகையில் ஏந்தி அவர் வீட்டுத் தறிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். வெயிலில் போடலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார், தறிப் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டால்கூட வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்களாம், சுள்ளென்ற வெயிலில் நூலே மொடமொடவென்று ஆகிவிடும் என்றால் காகிதம் சுருண்டுபோகாதா. ஓடு வேய்ந்த கூடம், நிழல், ரெண்டு பக்கமும் காற்று. வீட்டிலிருந்த பழைய வேட்டிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன வேட்டிகள். ஒரு தாள், ஒரு வேட்டி மடிப்பு, ஒரு தாள், ஒரு வேட்டி மடிப்பு, மேலே பலகை, அதன்மேல் கனம். வேட்டி ஈரத்தை இழுத்ததும் மாற்ற வேண்டும். ராத்திரியும் எழுந்து மாற்றியிருக்கிறார்கள், அவரும் அவர் வீட்டு அக்காவும். அது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த தாள்களை அவர் பிரித்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பாவில் இழைகளைப் பிரித்து வைக்கிற வழவழப்பான மூங்கில் குச்சி ஒன்றை ரெண்டு தாளுக்கும் நடுவில் விட்டு, கண்ணை வேறு எங்கோ வைத்துக்கொண்டு, விரல் நுனியாலேயே எங்கே பிடிக்கிறது எங்கே விடுகிறது என்று பார்த்துப் பார்த்து நகர்த்தினார். எங்கேயாவது பிடித்தால் அங்கேயே நிறுத்தி, அந்த இடத்தில் மட்டும் ஈரத் துணியை வைத்துக் காத்திருந்தார். ஒரு தாள்கூடக் கிழியவில்லை. ஏற்காடு மலைப்பாதைத் தாள்கள் மட்டும் தனித்தனியாக வந்துவிட்டன, அது அப்பா மைதாப் பசையால் ஒட்டிய இடம். ஏற்காடு ஊர் 58 ஐ/1 என்ற எண்ணுள்ள தாளிலும் மலை அடிவாரமும் சேலமும் 58 ஐ/2 தாளிலும் விழுவதால், பாதையை முழுசாகப் பார்க்க அப்பா ரெண்டையும் சேர்த்து ஒட்டியிருந்தார். பழைய ஒற்றையடிப் பாதை ஒன்று, இப்போதைய ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவையும் மதிக்காமல், ஒரே உயரத்து இடங்களைச் சேர்த்துப் போட்ட நெருக்கமான சமஉயரக் கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேராக மேலே போகும். காப்பித் தோட்டத்துக்கு அந்த வழியாக நடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் இதைப் படிப்பவர்களிலேயே இருக்கிறீர்கள். மறுபடி ஒட்டிக்கொள்ளலாம், ஒன்றும் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் கூடம் காலியாக இருந்ததற்குக் காரணம், தறிக்குழியில் ஊற்றுத் தண்ணீர் ஏறியிருந்தது. குழியில் கால் வைக்க முடியாமல் தறி நின்றுபோயிருந்தது. தறி நின்றால் கூலி நின்றது. குழிமேல் பலகை போட்டு அதன்மேல்தான் எங்கள் தாள்களை அடுக்கினார். அதைப் பற்றி ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. அவருக்கும் மேட்டூருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அந்தத் தாள்களில் அவர் குடும்பத்து ஊர் ஒன்றும் இல்லை. அண்ணா, நீங்கள் இதைப் படிக்க மாட்டீர்கள், உங்கள் பையன் படித்துக் காட்டட்டும். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அப்பா வீட்டுக்கு வந்த அன்றைக்கு முதலில் கேட்டது மேட்டூர்த் தாளைத்தான். 58 இ/13. லென்ஸை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். என் அப்பாயி பிறந்த ஊர் அணைக்குள் போன ஊர். 1925இல் வேலை ஆரம்பித்து 1934இல் அணை முடிந்தது, அப்போது அப்பாயிக்குப் பாவாடை கட்டுகிற வயது. அணை நிரம்பினால் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 790 அடி. பழைய தாளில் 50 அடி உயரத்துக்கு ஒரு சமஉயரக் கோடுதான், 750, அப்புறம் 800. அப்பா அந்த 800 அடிக் கோட்டை ஒட்டிக் கொஞ்சம் உள்பக்கமாக ஒரு பென்சில் கோடு இழுத்திருக்கிறார். அந்தக் கோட்டுக்கு உள்ளே விழுந்த ஒவ்வொரு ஊரும் தண்ணீருக்குப் போன ஊர். புது வரைபடத்தில் அந்த இடம் முழுக்க வெறும் நீலம். பழைய தாளில் தெருவும் கிணறும் வண்டிப்பாதையும் அப்படியே இருக்கிறது.

தண்ணீர் வற்றினால் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தெரியும், பழைய தேவாலயத்துக் கோபுரமும் தெரியும், டிவியில்கூடக் காட்டுவார்கள். அப்படி ஒரு வறட்சியில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நந்தி பக்கத்தில் நின்று தாளைப் பார்த்து, கால் அங்குலம் என்றால் கால் மைல், கால் மைல் என்றால் 440 கெஜம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே வெடித்துக் கிடந்த வண்டலில் எண்ணிக்கொண்டே நடந்தார். கிணறு என்று குறித்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வண்டல் மூடிய கல் வட்டம் ஒன்று இருந்தது. அது அப்பாயி வீட்டுக் கிணறுதான் என்று அப்பா சத்தியம் பண்ணவில்லை, தாளில் “இதுவாக இருக்கலாம்” என்றுதான் எழுதினார். அந்த வரி இப்போதும் படிக்க முடிகிறது. அப்பா லென்ஸ் வழியாக அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு அது போதும்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றி உட்கார்ந்த எதிர்வீட்டுப் பையன்கள், ரத்தம் கொடுத்தவர்கள், வார்டில் அப்பாவை “தாத்தா தாத்தா” என்று கூப்பிட்டே சாப்பிட வைத்த சிஸ்டர், அச்சடிக்காத வெள்ளைத் தாள் கட்டைக் காசு வாங்காமல் கொடுத்த செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர், காய்ந்த ஒவ்வொரு தாளையும் போட்டோ எடுத்துக்கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள், டிபன் கேரியரில் சாப்பாடு அனுப்பியவர்கள், யார் அனுப்பியது என்று தெரியாமலே நாங்கள் சாப்பிட்ட ரசமும் உண்டு. அப்பா முன்பு போட்டுக்கொடுத்த ஜெராக்ஸை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்து, “ஐயாவோடது போயிருந்தா இது இருக்கட்டும்” என்று கொளத்தூரிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து கொடுத்தவர்களே, உங்களை மறக்கவே முடியாது. கரைந்துபோன நோட்டில் இருந்த சில விஷயங்கள் உங்கள் ஜெராக்ஸ் ஓரங்களில் இருக்கின்றன.

இனிமேல் இவை பீரோவின் கீழ்த்தட்டில் இருக்காது. எல்லாத் தாளையும் பெரிய ஸ்கேனரில் ஏற்றி, அப்பாவின் பென்சில் எழுத்தைத் தனியாகத் தட்டச்சு செய்து, கேட்கிறவர் யாராக இருந்தாலும் கொடுக்கப்போகிறேன். சாதாரண ஸ்கேனரில் இந்தத் தாள் அடங்காது, அதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத குறிகளை அப்பா இருக்கும்போதே அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டேன். தறிக்கார அண்ணனின் வேட்டிகளைத் துவைத்து மடித்துக் கொண்டுபோனேன், “வெச்சிக்க கண்ணு, அடுத்த மழைக்கு ஆகும்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவருக்குத் தறிக்குழி ஓரம் சிமென்ட் பூசித் தர ஆள் பேசியிருக்கிறேன், அவர் வேண்டாம் என்றாலும் நடக்கும், அந்த அக்காவிடம் சம்மதம் வாங்கியாகிவிட்டது.

பாட்டி ஊர், தாத்தா ஊர் தேடிக்கொண்டு அப்பாவைப் பார்க்க நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வாருங்கள், ஒரு மணி நேரம் அவரால் உட்கார முடிகிறது. ஊர் பெயரோடு பக்கத்து ஊர், ஆறு, கரடு, கோயில் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னது எதுவாக இருந்தாலும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பேனாவில் வேண்டாம், பென்சிலில் எழுதுங்கள்.