'போர்டு போச்சு' என்று சொல்லுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 ஊரடங்கில் வீட்டு வேலைக்கு ஆள் வராமல் பலர் அவசரமாக வாங்கிய டிஷ்வாஷர்கள், வாரண்டி முடிந்து இப்போது ஒவ்வொன்றாகப் படுக்கின்றன. "போர்டு (மெஷினை இயக்கும் மின்னணுப் பலகை) போச்சு, புதுசே வாங்கிடுங்க" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுமுன் சிலவற்றைப் பார்த்துவிடலாம். பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுத்தான் எதையும் கழற்ற வேண்டும். அடித்தகட்டின் விளிம்பு கையைக் கிழிக்கும், உறை போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரே எடுக்காமல் வெளியேற்றும் பம்ப் மட்டும் ஓயாமல் ஓடுகிறதா? பெரும்பாலும் அடித்தட்டில் தண்ணீர் தேங்கி, அங்கிருக்கும் தெர்மாகோல் மிதவை எழும்பி சுவிட்சைத் தட்டியிருக்கும். மெஷினைச் சாய்த்து வடித்தால் ஓடும், ஆனால் கசிவு இருந்தால் சில நாளில் மறுபடி நிற்கும். தட்டைத் துடைத்து, பழைய செய்தித்தாளை விரித்து ஒரு முறை ஓடவிட்டு, எந்த இடம் முதலில் நனைகிறது என்று பாருங்கள். பவுடர் தீர்ந்துபோய்க் கையால் தேய்க்கும் லிக்விடை ஊற்றியிருந்தால் நுரை பொங்கி வழிந்திருக்கும். அதற்குப் பாகம் எதுவும் மாற்ற வேண்டாம்.

மோட்டாருக்கு நேர்கீழே நனைந்தால் சுழற்சி பம்பின் (பாத்திரங்கள் மேல் தண்ணீரைப் பீய்ச்சும் பம்ப்) சீல், அதாவது தண்டின் வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் பாகம், தேய்ந்துவிட்டது. பழைய மாடல்களில் இது ஒரு கார்பன் வளையமும் ஒரு பீங்கான் வளையமும் ஸ்பிரிங் அழுத்தத்தில் உரசி நிற்கும் எளிய அமைப்பு. கடின நீரின் சுண்ணாம்புப் படிவு இடையில் புகுந்தால் கார்பன் முகத்தில் கோடு விழும். அந்தக் கோட்டின் வழியே தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கும். பேரிங் துருப்பிடித்து உறுமத் தொடங்குவது அதற்கு அடுத்த கட்டம். ஆகவே உறுமல் கேட்டாலே சீல், பேரிங் இரண்டையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். பேரிங் எண் அதன் மேலேயே இருக்கும். சீலுக்குத் தண்டின் விட்டம், வெளிவிட்டம், உயரம் மூன்றையும் வெர்னியரில் அளந்து பம்ப் சீல் விற்கும் கடையில் கேளுங்கள். ரப்பர் பகுதிக்குச் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே தள்ளலாம். உரசும் முகங்களில் கிரீஸும் வேண்டாம், விரலும் வேண்டாம்.

தண்ணீர் வடியவில்லை என்றால் வடிகட்டியை எடுத்து, கீழே உள்ள சின்ன மூடியைக் கழற்றுங்கள். புளியங்கொட்டை, கறிவேப்பிலைக் காம்பு, உடைந்த கண்ணாடிச் சில்லு, ஏதாவது ஒன்று வெளியேற்றும் பம்பின் இறக்கையில் மாட்டியிருக்கும். விரலால் சுற்றும்போது காந்தம் இழுப்பதுபோல விட்டு விட்டுச் சுழல வேண்டும். தடையே இல்லாமல் வழுக்கிச் சுழன்றால் இறக்கை தண்டிலிருந்து விட்டுப்போயிருக்கிறது.

சூடேறவில்லையா? 230 வோல்ட்டில் 2,000 வாட் ஹீட்டர் என்றால் மல்டிமீட்டரில் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் ஹீட்டரோ அதன் பாதுகாப்புக் கட்-அவுட்டோ போயிருக்கிறது. அளவு சரியாக இருந்தும் சூடில்லை என்றால் வயர் இணைப்புகளையும் போர்டில் ஹீட்டருக்கு மின்சாரம் விடும் ரிலேயின் கால்களையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். 8.7 ஆம்பியர் ஆண்டுக்கணக்கில் போய் வந்ததில் கால்களில் பற்றவைத்த ஈயத்தைச் சுற்றி வளையமாக விரிசல் இருக்கும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைத்தால் பல போர்டுகள் பிழைக்கின்றன. 'போன' போர்டுகளில் பல இந்த ரகம்தான்.

இத்தனையும் செய்துவிட்டுத் தண்ணீரைக் கவனிக்காவிட்டால் வேலை வீண். டி.டி.எஸ். பேனா காட்டும் எண் கடினத்தன்மை அல்ல. கரைந்த எல்லா உப்புகளையும் சேர்த்துச் சொல்வது அது. ஆய்வக அறிக்கையில் 'மொத்தக் கடினத்தன்மை' லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து 17.8 ஆல் வகுத்தால், பல மெஷின்களின் கையேட்டில் உள்ள ஜெர்மன் அளவு வரும். போர்வெல் தண்ணீர் 534 என்றால் 30; அதற்கேற்ப மெஷினின் கடினத்தன்மை அமைப்பைத் திருத்தி வையுங்கள். டிஷ்வாஷர் உப்பையே போடுங்கள். சமையல் தூள் உப்பு கட்டியாகும், அதில் கலந்த பொருட்கள் மெஷினுக்குள் தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் பிசினைக் கெடுக்கும். போட்டவுடன் ஒரு முறை ஓடவிடாவிட்டால் சிந்திய உப்பு ஸ்டீலை அரிக்கும்.

உதிரிபாகம் கிடைப்பதுதான் பெரும்பாடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் பம்ப், ஹீட்டர், போர்டு முதலியவற்றைத் தொழில்முறைப் பழுதுபார்ப்பவர்களுக்கு 7 ஆண்டுகளும், கதவு ரப்பர், தெளிப்புக் கை, வடிகட்டி, கூடை போன்றவற்றை வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்து 10 ஆண்டுகளும் தந்தாக வேண்டும். இங்கே 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. தளம் மட்டும் போதாது. சீலைத் தனியாகத் தராமல் முழுப் பம்பையே வாங்கச் சொல்வது நிற்க வேண்டும். சீல், கதவு ரப்பர், கூடைச் சக்கரம் ஒவ்வொன்றின் பாக எண்ணையும் விலையையும் நிறுவனங்கள் அதே தளத்தில் வெளியிடும்படி நுகர்வோர் விவகாரத் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டுச் சாதனப் பழுதுநீக்குநர்,
கோயம்புத்தூர்