‘அப்பா ஜாடை போச்சே’ என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

துருத்திய கீழ்த்தாடை, கோணிய முகவாய் போன்றவற்றைச் சரிசெய்யும் தாடை அறுவை சிகிச்சை, எலும்பு வளர்ச்சி நின்ற பிறகே செய்யப்படுகிறது. அதனால் வருபவர்கள் பெரும்பாலும் 18 வயதைத் தாண்டியவர்கள். எலும்பை எங்கே வெட்டுவோம், டைட்டானியத் தகட்டை எப்படிப் பொருத்துவோம் என்றெல்லாம் விளக்குகிற மருத்துவர்கள், முதல் மாதம் மனசு படும் பாட்டைச் சொல்லத் தவறிவிடுகிறோம்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். ‘ஏன்தான் செய்துகொண்டேனோ’ என்று அழுகை வரும். 3, 4 வாரங்களில் பெரும்பகுதி வடியும். மிச்சம் வற்ற 6 மாதம் முதல் ஒரு வருடம் ஆகலாம். அதுவரை புது முகம் எப்படி என்று முடிவுகட்ட வேண்டாம். வீக்கத்துக்குக் கொடுத்த ஸ்டீராய்டை நிறுத்தும்போது சிலருக்கு மனம் சோர்ந்துபோகும். அரைவயிற்றோடு இருந்தால் அது இன்னும் கூடும். சத்துமாவுக் கஞ்சி, மிக்ஸியில் அடித்து வடிகட்டிய பருப்புசாதம் என்று நாளுக்கு ஆறேழு தடவை கொடுங்கள்.

கீழுதடு மரத்திருப்பதால் வாயோரம் மோர் வழிவது தெரியாது. ‘துடைச்சுக்கோ’ என்று நாலு பேர் முன்னால் சொன்னால் கூசிப்போவார்கள். பக்கத்தில் ஒரு துண்டும் கைக்கண்ணாடியும் வைத்துவிட்டால் தாமே பார்த்துத் துடைத்துக்கொள்வார்கள். உணர்ச்சி திரும்பப் பல மாதங்கள் ஆகும்; சிலருக்கு முழுதாகத் திரும்பாது. இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

செல்ஃபியைத் தள்ளிவையுங்கள். கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். வாரம் ஒருமுறை, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், ஐந்தடி தள்ளி நின்று வேறொருவர் எடுத்தால் போதும்.

நீண்ட தாடை பல வீடுகளில் பரம்பரையாக வருவது. பார்க்க வந்த அத்தை ‘அப்பா ஜாடையே போச்சேடி’ என்பது பாசத்தில்தான். கேட்கும் பெண்ணுக்கோ, குடும்பத்தையே உதறிவிட்டது போல வலிக்கும். முதல் மாதம் முகத்தைப் பற்றிப் பேசாமல், ‘சாப்பிட்டியா, தூங்கினியா’ என்று கேளுங்கள். கல்யாணத் தேதியைக் குறித்துவிட்டு அதற்குமுன் ஆபரேஷன் செய்யச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். பல்லுக்குக் கம்பி போடும் காலத்தையும் சேர்த்தால் இரண்டு, மூன்று வருட வேலை இது.

சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாகலாம் என்ற எண்ணம் வந்தாலோ மனநல மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஆபரேஷனுக்கு முன் ஒன்று, இரண்டாவது வாரத்தில் ஒன்று என, குடும்பத்தாரையும் உட்காரவைத்து இரண்டு முறை மனநல ஆலோசனை தருவதை எல்லா மருத்துவமனைகளும் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
முகத்தாடை அறுவை சிகிச்சை மருத்துவர்கள் சிலர்,
மதுரை