நடத்துபவரே நடுவராக இருக்கலாமா? குதிரைப் பந்தய கிளப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, பெங்களூர், ஹைதராபாத், மும்பை, கொல்கத்தா பந்தய கிளப்புகளின் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகளுக்கும்,

வணக்கம். நான் குதிரை உரிமையாளர் இல்லை, கிளப் உறுப்பினரும் இல்லை. கேலரி டிக்கெட் வாங்கி, ரேஸ் புக்கில் பேனாவால் வட்டம் போட்டு, ஓட்டத்துக்கு முன் குதிரைகள் சுற்றி நடக்கும் பேடக்கில் அவற்றின் நடையைப் பார்த்துவிட்டு, பந்தயப் பணம் கட்டும் டோட் ஜன்னலுக்குப் போகிற கூட்டத்தில் ஒருவன். இந்த ஆட்டம் இந்த நாட்டில் நிலைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

2024 ஜூனில் ஊட்டி ரேஸ் கோர்ஸை வருவாய்த் துறை திரும்ப எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டிக்கும் குத்தகை ரத்து, சீல். 1777 முதல் குதிரை ஓடிய மண் அது. ஆனால் சென்னையில் எத்தனை பேர் வருத்தப்பட்டார்கள்? என் காதில் விழுந்ததெல்லாம் "நல்லதாப் போச்சு, அங்க குளம் வெட்டட்டும்" என்பதுதான். 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த வேளச்சேரிக்காரர் அப்படிச் சொன்னால் நான் என்ன பதில் சொல்ல முடியும்? சுமார் 160 ஏக்கர் அரசு நிலத்துக்கு ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம் என்று செய்தியில் படித்த எவருக்கும் கோபம்தான் வரும். வாடகை பாக்கி 730 கோடி என்றார்கள், நீதிமன்றம் வரை போனது. அந்த வழக்கின் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. என் கவலை வேறு. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஊருக்கு நடுவில் இருந்த ஓர் ஆட்டம், தனக்காகப் பேச ஊரில் நாலு பேரைச் சம்பாதிக்காமல் போனது எப்படி?

1974-ல் கருணாநிதி அரசு தமிழ்நாட்டில் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1986-ல் சென்னை கிளப்பையே அரசுடைமையாக்க இன்னொரு சட்டம் வந்தது. இரண்டையும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஜனவரியில் வென்றீர்கள். குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம், அதைச் சூதாட்டம் என்று சொல்ல முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஓட்டும் ஜாக்கியின் திறமை, சுமக்கும் எடை இவற்றையெல்லாம் கணித்துத்தான் பந்தயம் கட்டுகிறார்கள் என்பது வாதம். இன்றுவரை இந்தியா முழுக்கப் பந்தயம் அந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் அந்தத் தீர்ப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. எழுதப்படாதது, ஆனாலும் உண்டு. ஒவ்வொரு குதிரையும் தன் முழுத் திறனில் ஓடுகிறது என்றால்தான் திறமையைக் கணிக்க முடியும். அதிகம் பேர் பணம் கட்டிய ஃபேவரிட் குதிரை கடைசி 200 மீட்டரில் வேகம் எடுக்காமல் நாலாவதாக வரும்போது கேலரியில் என்ன பேச்சு எழும் என்று உங்களுக்குத் தெரியாதது இல்லை. "ஜாக்கி வேணும்னே இழுத்துப் பிடிச்சுட்டான்பா!" பத்தில் ஒன்பது முறை அது தோற்றவனின் ஆற்றாமைதான். குதிரைக்கு அன்று மனசில்லை, தரை ஈரமாக இருந்தது, உள்பக்கம் வழி அடைபட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பத்தாவது முறையை யார் விசாரிக்கிறார்கள்?

நீங்கள்தான். பந்தயத்தை நடத்துவது கிளப். ஜாக்கிக்கும் ட்ரெயினருக்கும் லைசென்ஸ் கொடுப்பது கிளப். டோட்டில் விழும் பணத்தில் கமிஷன் எடுப்பது கிளப். தவறு நடந்தால் விசாரிக்கும் ஸ்டூவர்டுகளை நியமிப்பதும் கிளப். நிர்வாகக் குழுவிலேயே குதிரை உரிமையாளர்களும் இருப்பார்கள். சொந்தக் குதிரை சம்பந்தப்பட்ட விசாரணையில் அவர்கள் விலகி உட்காரலாம். சரி, பக்கத்து நாற்காலிக்காரர் குதிரை என்றால்? ஸ்டூவர்டுகளில் நேர்மையானவர்கள் நிறைய பேர் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தனிமனித நேர்மையை நம்பி ஒரு முறையை எத்தனை காலம் ஓட்டுவது?

2017-ல் பெங்களூரில் குயின் லத்தீஃபா என்ற குதிரை ஜெயித்த பிறகு அதன் மாதிரியில் புரோக்கெய்ன் என்ற தடை செய்யப்பட்ட மருந்து இருந்ததாகத் தெரிய வந்தது. ஊக்கமருந்து விவகாரம் எந்த நாட்டிலும் வரும், ஒலிம்பிக்கிலேயே வருகிறது. இங்கே பெரிய பேச்சானது அந்த மருந்தைவிட, விவகாரத்தை மூடி மறைத்தார்கள் என்ற புகார்தான். அது போலீஸ் விசாரணை வரை போனது. கிளப்போடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத ஓர் அமைப்பு மாதிரியை எடுத்து, சோதித்து, முடிவைத் தானே வெளியிட்டிருந்தால் அந்தப் புகாருக்கே இடம் இருந்திருக்காது.

நீங்கள் எதற்கெடுத்தாலும் இங்கிலாந்தை முன்மாதிரி காட்டுவீர்கள். விதிகள், பெயர்கள், டெர்பி எல்லாம் அங்கிருந்து வந்தவைதானே. அந்த இங்கிலாந்தில் 1750 வாக்கில் தொடங்கிய ஜாக்கி கிளப், 2006-ல் ஒழுங்குமுறை அதிகாரத்தைத் தன் கையிலிருந்து விட்டுக்கொடுத்தது. மறு ஆண்டு முதல் அந்தப் பொறுப்பு பிரிட்டிஷ் ஹார்ஸ்ரேசிங் அத்தாரிட்டி என்ற தனி அமைப்பிடம் இருக்கிறது. ஜாக்கி கிளப் இன்றும் மைதானங்களை நடத்துகிறது, கௌரவம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு விதி என்று இருந்த நிலையில், 2019-ல் சான்ட்டா அனிட்டா மைதானத்தில் அடுத்தடுத்துக் குதிரைகள் இறந்து நாடே கொதித்தது. 2020 முடிவதற்குள் தேசிய அளவில் தனிச் சட்டம் வந்துவிட்டது.

இங்கே அப்படி ஒரு சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதே என் கோரிக்கை. கிளப்புகள் எல்லாம் சேர்ந்து நீங்களாகவே ஒரு பொது ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்குங்கள். ஓய்வுபெற்ற நீதிபதி, கால்நடை மருத்துவர், முன்னாள் ஜாக்கி போன்றவர்கள் அதில் இருக்கட்டும். உரிமையாளரும் கிளப் பதவியில் இருப்பவரும் வேண்டாம். லைசென்ஸ், மருந்துச் சோதனை, விசாரணை மூன்றும் அவர்கள் கைக்குப் போகட்டும். விசாரணை முடிவு காரணத்தோடு வெளியே வரட்டும். "விளக்கம் ஏற்கப்பட்டது" என்ற ஒற்றை வரி போதாது. என்ன விளக்கம், ஏன் ஏற்றீர்கள், வீடியோவில் என்ன தெரிந்தது என்று சொல்லுங்கள்.

அடுத்து வரி. இதில் நான் முழுக்க உங்கள் பக்கம். கட்டும் தொகை முழுவதற்கும் முதலில் 28 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். பத்து ரூபாய் பந்தய டிக்கெட்டின் மேல் இந்த வரியைச் சேர்த்து வசூலித்தால் நான் 14 ரூபாய் கொடுக்க வேண்டும். ஃபேவரிட் ஜெயித்து டோட்டில் 14 ரூபாய் வந்தால் என் கணிப்பு சரியாக இருந்தும் லாபம் பூஜ்ஜியம். வெளியே நிற்கும் கள்ள புக்கி வரி கேட்பதில்லை, போனில் கணக்கு வைத்துக்கொள்கிறான். கூட்டம் எங்கே போகும்? இங்கிலாந்தும் ஒரு காலத்தில் கட்டும் தொகை மேல் வரி போட்டது. பந்தயப் பணம் வாங்கும் புக்மேக்கர்கள் வரி குறைந்த ஜிப்ரால்டருக்குக் கடை மாற்றிய பிறகு, 2001-ல் அதைக் கைவிட்டு புக்மேக்கரின் லாபத்தின் மேல் 15 சதவீதம் என்று மாற்றியது. அதோடு, பிரிட்டிஷ் பந்தயங்களில் புக்மேக்கர் சம்பாதிப்பதில் 10 சதவீதம் லெவி என்ற கட்டாயக் கட்டணமாகத் திரும்பப் பந்தயத்துக்கே போகிறது.

இந்த நியாயத்தை ஜிஎஸ்டி கவுன்சில் முன்னால் நீங்கள் சொல்லாமல் இல்லை. ஆனால் பணக்காரர்களின் பொழுதுபோக்குக்கு எதற்குச் சலுகை என்று எந்த அமைச்சரும் ஒரே கேள்வியில் உங்களை உட்கார வைத்துவிடலாம். அந்தக் கேள்விக்குப் பதில் லாயத்தில் இருக்கிறது.

விடியற்காலையில் லாயத்துப் பக்கம் போனால் தெரியும். ஓடிவிட்டு வந்த குதிரையின் முன்னங்கால்களில் தண்ணீரைப் பீய்ச்சியபடி, குதிரையைப் பராமரிக்கும் சைஸ் குந்தி உட்கார்ந்திருப்பார். முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துச் சூடு தெரிகிறதா என்று தடவிப் பார்ப்பார். அந்தச் சூட்டை டாக்டருக்கு முன்னால் அவர் கை கண்டுபிடிக்கும். பெரும்பாலும் அவர் ட்ரெயினரிடம் வேலை பார்ப்பவர், கிளப்பின் ஊழியர் கிடையாது. மைதானத்துக்குச் சீல் விழுந்தால் அவருக்கு யார் பொறுப்பு என்பதற்குத் தெளிவான பதில் இல்லை. கிண்டி பற்றி இத்தனை மாதமாக நிலம், பாக்கி, பசுமைப் பூங்கா என்று எவ்வளவோ பேசினார்கள். சைஸ்களைப் பற்றிய பேச்சு அதில் எத்தனை வரி?

குதிரைக்கும் இதே கதிதான். பிறந்த குட்டியின் தாய் தகப்பன் யார் என்று புனேயில் இருக்கும் இந்திய ஸ்டட் புக்கில் பதிகிறீர்கள். ஆறேழு வயதில் ஓட்டம் நின்ற பிறகு? சில பண்ணைக்குப் போகும், சில ரைடிங் பள்ளிக்குப் போகும். மற்றவை எங்கே போயின என்று ரசிகனான எனக்குத் தெரிய வழியில்லை. அந்தப் பதிவை இறப்பு வரை நீட்டுவதற்கு என்ன தடை? மைதானத்தில் கால் முறிந்து கருணைக்கொலை செய்யப்படும் குதிரைகளின் எண்ணிக்கையையும் சீசன்தோறும் வெளியிடுங்கள்.

டோட் கமிஷனில் ஒரு பங்கை ஒதுக்கி, ஓய்வுபெற்ற குதிரைகளின் பராமரிப்புக்கும் சைஸ்களின் காப்பீடு, ஓய்வூதியத்துக்கும் ஒரு நிதி தொடங்குங்கள். கணக்கைத் தணிக்கை செய்து ரேஸ் புக்கின் பின்னட்டையிலேயே அச்சிடுங்கள். வரிக் குறைப்பு கேட்கப் போகும்போது அந்தக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்த முறை எல்லா கிளப்புகளும் கூடும்போது ஒழுங்குமுறை அமைப்பு, குதிரைகளின் பதிவு, சைஸ் நிதி இந்த மூன்றையும் பொருள்பட்டியலில் வையுங்கள். ஏற்றாலும் சரி, மறுத்தாலும் சரி, காரணத்தை எங்களுக்கும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கேலரியிலிருந்து ஒரு ரசிகன்